பூமியைப் படிக்கத் தொடங்குபவருக்கு: ஒரு பாட்டில் மண்ணிலிருந்து பூமியின் கருவம் வரை

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அகன்ற வாயுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்கி மேசை மேல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் மாவு போன்ற வண்டல் மெல்லப் படியும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். களிமண் மட்டும் மறுநாள் காலையிலும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

இந்தப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அடிக்கடி அதனிடம் திரும்பி வருவோம்.

அறிவியல் முறை என்றதும் உற்றுநோக்கல், கேள்வி, கருதுகோள், சோதனை, முடிவு என்று ஐந்து கட்டங்கள் போட்டு அம்புக்குறி வரைவது வழக்கம். கட்டங்களில் தப்பில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்தவர் கையில் ஒரு கல்லைக் கொடுத்தால் அடுத்து என்ன செய்வதென்று பலருக்கும் தெரிவதில்லை. அதோடு பூமிக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் இரண்டாவது பூமி கிடையாது. நடப்பவை பல கோடி ஆண்டுகளில் நடக்கின்றன. உள்ளே இறங்கிப் பார்க்கவும் வழியில்லை. இப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி எப்படி உறுதியாக ஏதாவது சொல்ல முடிகிறது? இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

படி 1: கண்டதை ஒரு பக்கம், கருதியதை மறு பக்கம்

ஒரு நோட்டு எடுத்து, பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் கருதியது. சுலபமாகத் தெரியும். செய்து பாருங்கள், முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டும் கலந்துவிடும்.

ஒரு கல்லை வைத்துப் பார்ப்போம். இடப்பக்கம் இப்படி இருக்கலாம்: "உள்ளங்கை அளவு. வெளியே சாம்பல் நிறம், உடைந்த முகம் வெளிர் மஞ்சள். மணிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. சர்க்கரை மணியை விடச் சிறியவை, விளிம்புகள் மழுங்கியவை. விரலால் தேய்த்தால் மணிகள் உதிர்கின்றன. உதிர்ந்த மணியைக் கண்ணாடித் துண்டில் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழுகிறது. கீறிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டேன், நுரைக்கவில்லை." வலப்பக்கம்: "மணற்கல். மணிகள் குவார்ட்ஸ் ஆக இருக்கலாம். தண்ணீரோ காற்றோ உருட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்."

வலப்பக்கத்தில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்தில் பிடி இருக்கிறது பாருங்கள். கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் விரல் நகம் சுமார் 2.5, கண்ணாடி சுமார் 5.5, குவார்ட்ஸ் 7. எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும். கண்ணாடியைக் கீறுகிற மணி, சுண்ணாம்புக்கல்லில் உள்ள கனிமமான கால்சைட்டாக இருக்க முடியாது, ஏனென்றால் கால்சைட் வெறும் 3. கால்சைட் வினிகரில் நுரைக்கும்; இது நுரைக்காததும் அதையே சொல்கிறது. மழுங்கிய விளிம்பு, அந்த மணி நெடுந்தூரம் உருண்டு வந்ததற்கான அடையாளம்.

நான் தொடக்கத்தில் எழுதிய நோட்டுகளில் "சுண்ணாம்புக்கல்" என்று ஒற்றைச் சொல் மட்டும் இருக்கும் பக்கங்கள் உண்டு. நிறம் இல்லை, மணியின் அளவு இல்லை, சோதித்தேனா என்பதும் இல்லை. அந்தக் கற்களும் இப்போது என்னிடம் இல்லை. அந்தச் சொல் சரியா தப்பா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. இடப்பக்கத்தை ஒழுங்காக எழுதி வைத்திருந்தால், வலப்பக்கம் முழுவதும் தப்பாகவே போயிருந்தாலும் இன்று திருத்திக்கொள்ளலாம்.

தேதி, நேரம், இடம், திசை ஆகியவற்றை எப்போதும் எழுதுங்கள். படம் எடுத்தால் பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை, கையால் ஒரு படம் வரையுங்கள். எதை வரையலாம், எதை விடலாம் என்று முடிவு செய்வதற்காகவே நீங்கள் இன்னொரு முறை உற்றுப் பார்ப்பீர்கள்.

படி 2: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"பூமி எப்படி உண்டானது?" என்று கேட்டால் மலைத்துப்போய் உட்கார்ந்துவிடுவோம். 1666-இல் புளோரன்ஸ் நகரில் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற உடற்கூறியலாளரிடம் ஒரு பெரிய சுறாவின் தலை வந்து சேர்ந்தது. அறுத்துப் பார்த்தவர், அதன் பற்கள் பாறைகளுக்குள் கிடைக்கும் "நாக்குக் கற்கள்" போலவே இருப்பதைக் கவனித்தார். அக்கற்கள் வானத்திலிருந்து விழுந்தவை என்றும் பாறைக்குள்ளேயே வளர்ந்தவை என்றும் அப்போது பலர் நம்பினார்கள். ஸ்டெனோ கேட்டது மிகச் சின்னக் கேள்வி: ஒரு திடப்பொருளுக்குள் இன்னொரு திடப்பொருள் எப்படிப் போய்ச் சேர்ந்தது? இரண்டில் எது முதலில் கெட்டியானது?

பல் தன் வடிவம் கெடாமல் இருக்கிறது, சுற்றியுள்ள பாறை அதன் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்திருக்கிறது. அப்படியானால் பல்தான் முதலில் கெட்டியானது. பாறை அப்போது இளகிய சேறாக இருந்திருக்க வேண்டும். இந்த ஒரு பிடியிலிருந்து 1669-இல் அவர் அடுக்குகளைப் படிக்கும் விதிகளை எழுதினார். கலைக்கப்படாத அடுக்குகளில் கீழே உள்ளது மூத்தது, மேலே உள்ளது இளையது. அடுக்குகள் படியும்போது ஏறக்குறைய கிடைமட்டமாகவே படிகின்றன.

உங்கள் பாட்டிலைப் பாருங்கள். இரண்டு விதிகளும் அதில் இருக்கின்றன.

படி 3: ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று பதில்களை வைத்துக்கொள்ளுங்கள்

என் கணக்கில் இந்தப் படிதான் மிக முக்கியமானது, அதிகம் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான். மனதில் ஒரே ஒரு விளக்கம் இருந்தால் அதன் மேல் பாசம் வந்துவிடும். அதற்கு ஒத்துவருவதெல்லாம் கண்ணில் படும், ஒத்துவராதது படாது. அமெரிக்க நிலவியலாளர் தாமஸ் சாம்பர்லின் 1890-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஒரே நேரத்தில் பல கருதுகோள்களைப் பிள்ளைகளைப் போல வளர்க்க வேண்டும், அப்போதுதான் எதன் மீதும் தனிப்பட்ட பாசம் வைக்க மாட்டோம் என்பது அவர் வாதம்.

பாட்டிலை வைத்தே செய்து பார்க்கலாம். கேள்வி: தண்ணீரில் உப்பு போட்டால் களிமண் வேகமாகப் படியுமா, மெதுவாகப் படியுமா?

முதல் கருதுகோள்: உப்புத் தண்ணீர் அடர்த்தியானது. அடர்த்தியான நீர் துகள்களை அதிகம் தாங்கிப் பிடிக்கும். ஆகவே களிமண் மெதுவாகப் படியும்.

இரண்டாவது: களிமண் துகள்கள் எல்லாவற்றின் பரப்பிலும் ஒரே வகையான எதிர் (நெகட்டிவ்) மின்சுமை இருக்கிறது. அதனால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. உப்பு கரைந்தால் வரும், நேர் மின்சுமை கொண்ட சோடியம் அயனிகள் அந்தச் சுமையை மறைத்துவிடும்; துகள்கள் நெருங்கி, ஒட்டி, கட்டியாகும். ஆகவே களிமண் வேகமாகப் படியும்.

மூன்றாவது: உப்பால் எந்த மாற்றமும் வராது.

மூன்றும் மூன்று வேறு விளைவுகளைச் சொல்கின்றன. நல்ல கருதுகோளுக்கு இதுதான் அடையாளம்: இன்னது நடந்தால் நான் சொன்னது தப்பு என்று அதுவே காட்டிக்கொடுக்கும். "உப்பு களிமண்ணின் தன்மையைப் பாதிக்கும்" என்று எழுதினால் எது நடந்தாலும் சரியாகிவிடும். அதைச் சோதிக்கவே முடியாது, அடித்துவிடுங்கள்.

படி 4: பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்

உங்களுக்கு எந்தக் கருதுகோள் சரியாகத் தோன்றுகிறதோ அதை, எண்ணோடு, நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். "உப்புப் பாட்டில் 3 மணி நேரத்தில் தெளியும், உப்பில்லாதது 24 மணி நேரமாகியும் தெளியாது" என்பது போல. எழுதாமல் விட்டால், முடிவைப் பார்த்த பிறகு "இதைத்தானே நானும் நினைத்தேன்" என்று மனம் சொல்லும். அதை நம்ப வேண்டாம்.

எண் போட்டு யோசிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கடல்நீரின் அடர்த்தி நன்னீரை விட 2 அல்லது 3 சதவீதம்தான் அதிகம். மண் துகளின் அடர்த்தி நீரைப் போல சுமார் 2.65 மடங்கு. கணக்குப் போட்டால், அடர்த்தி ஒன்றினால் மட்டும் படியும் வேகம் 2 சதவீதம்கூடக் குறையாது. முதல் கருதுகோள் சொல்லும் திசை சரிதான், ஆனால் அந்த விளைவு கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. சோதனை தொடங்குவதற்கு முன்பே இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

படி 5: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஒரே மாதிரியான பாட்டில்கள் நான்கு வேண்டும். ஒரே இடத்து மண்ணை உலர்த்தி, சலித்து, கலந்து, ஒவ்வொன்றிலும் 50 கிராம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் ஏற்கெனவே கரைந்திருக்கும் உப்புகளே முடிவைக் கெடுத்துவிடும். இரண்டு பாட்டில்களில் மட்டும் மூன்று தேக்கரண்டி சமையல் உப்பு போடுங்கள். ஏறக்குறைய கடல்நீர் அளவுக்கு வந்துவிடும். நான்கையும் ஒரே அளவு குலுக்கி, வெயில் படாத ஒரே இடத்தில் வையுங்கள்.

ஒவ்வொரு வகைக்கும் இரண்டு பாட்டில் வைத்தது ஏன்? உப்புப் பாட்டில் இரண்டும் ஒரே மாதிரி நடக்கின்றனவா என்று பார்க்க. அவற்றுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருந்தால், உப்புப் பாட்டிலுக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்ப முடியாது.

பாட்டிலுக்குப் பின்னால் அச்சடித்த காகிதம் ஒன்றை ஒட்டுங்கள். எந்த உயரம் வரை எழுத்தைப் படிக்க முடிகிறது என்று 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளவுகோல் வைத்து எழுதுங்கள். "கொஞ்சம் தெளிந்தது" என்பதைவிட "மேலிருந்து 4 செ.மீ." என்பது பயன்படும்.

களிமண் உள்ள மண்ணாக இருந்தால், உப்புப் பாட்டிலில் ஒரு காட்சியைக் காணலாம். புகை மாதிரி இருந்த கலங்கல் திரிதிரியாகப் பிரியும். பஞ்சுத் துணுக்குகள் போன்றவை கீழே இறங்கத் தொடங்கும். மேலே தெளிந்த நீருக்கும் கீழே கலங்கலுக்கும் நடுவே கோடு போட்டாற்போல ஓர் எல்லை விழும். பக்கத்துப் பாட்டில் அப்போதும் தேநீர் நிறத்திலேயே நிற்கும். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நடப்பதில் ஒரு பகுதி இதுதான். நன்னீரில் மிதந்தபடி வந்த களிமண் உப்புநீரைத் தொட்டதும் கட்டி சேர்ந்து படிகிறது. கழிமுகச் சேறு சேர்வதில் அதற்கும் பங்குண்டு.

உங்கள் பாட்டிலில் இப்படி நடக்கவில்லையா? மிக நல்லது, அதையும் அப்படியே எழுதுங்கள். மண்ணில் களிமண் குறைவாக இருக்கலாம், மண்ணிலேயே உப்பு இருந்து எல்லாப் பாட்டிலும் ஒரே நேரத்தில் தெளிந்திருக்கலாம். இந்த இரண்டு காரணங்களையும் தனித்தனியாகச் சோதிக்க வழி யோசியுங்கள். ஒத்துவராத முடிவை அழித்துவிட்டு மறுபடி செய்வதுதான் செய்யக்கூடாதது.

படி 6: பாட்டிலுக்குள் அடங்காத பூமிக்குப் போகலாம்

இதுவரை செய்தது மேசை மேல் நடக்கும் சோதனை. மலையைப் பாட்டிலில் போட முடியாது. அப்போது என்ன செய்வது? முன்கணிப்பு செய்வதை விடக்கூடாது. "இது உண்மையானால், இன்ன இடத்தில் இன்ன தடயம் இருக்க வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லி, போய்த் தேட வேண்டும். நடந்து முடிந்ததைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் தடயம் இன்னும் கண்டெடுக்கப்படவில்லை என்பதால் அதுவும் முன்கணிப்புதான்.

நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் 1788-இல் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோரம் படகில் போனது இப்படித்தான். மலைகள் தேய்ந்து, கடலில் படிந்து, பாறையாகி, மறுபடி உயர்கின்றன என்பது அவர் கருத்து. அப்படியானால் ஒரு சுற்றின் பாறை மீது அடுத்த சுற்றின் பாறை உட்கார்ந்திருக்கும் இடம் எங்காவது தெரிய வேண்டும். சிக்கார் முனையில் அது இருந்தது. கீழே செங்குத்தாக நிற்கும் சாம்பல் நிற அடுக்குகள், அவற்றின் வெட்டுப்பட்ட தலைகள் மேல் லேசாகச் சாய்ந்து கிடக்கும் செந்நிற மணற்கல்.

படியும் அடுக்கு கிடைமட்டமாகவே படியும் என்பதை உங்கள் பாட்டில் காட்டியது. ஆகவே அந்தச் செங்குத்து அடுக்குகள் முதலில் கடலடியில் படுத்துக்கிடந்திருக்க வேண்டும். பிறகு கெட்டியாகி, நெருக்கப்பட்டு நிமிர்ந்து, நீருக்கு மேலே வந்து, தலை தேய்ந்து, அதன் பிறகே அவற்றின் மேல் செம்மணல் சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைய அளவீடுகளின்படி கீழுள்ள பாறை சுமார் 43.5 கோடி ஆண்டு பழையது, மேலுள்ளது சுமார் 37 கோடி ஆண்டு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கோட்டுக்குள் 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருக்கின்றன. கையை அகட்டி வைத்தால் இரண்டு பக்கமும் தொடலாம்.

இன்று கண்ணெதிரே நடப்பதை வைத்துப் பழையதைப் படிப்பதுதான் ஹட்டன் வழி. அதையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. நிலவியலாளர் ஹார்லன் பிரெட்ஸ் 1923-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள வறண்ட பெரும்பள்ளங்களைப் பார்த்து, இவற்றை ஒரு மாபெரும் வெள்ளம் அறுத்திருக்கிறது என்றார். நிலம் மெல்ல மெல்லத்தான் மாறும் என்று பழகியிருந்த நிலவியலாளர்கள் ஏற்கவில்லை. அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள், கேட்டது நியாயம்தான். 1940-களின் தொடக்கத்தில் ஜோசப் பார்டி என்ற நிலவியலாளர், மான்டனா மாநிலத்தில் இருந்த பனிக்கால ஏரி ஒன்றின் தரையில் பல மீட்டர் உயரமான அலைவரிகளைக் காட்டினார். ஓடைப் படுகையில் விரலளவு உயரத்தில் தெரியுமே, அதே அலைவரிகள், ஆனால் குன்று போல. பனி அணை உடைந்து ஏரி மொத்தமும் ஒரே வீச்சில் வெளியேறியிருக்கிறது. பிரெட்ஸுக்கு அமெரிக்க நிலவியல் சங்கத்தின் பென்ரோஸ் பதக்கம் 1979-இல்தான் கிடைத்தது.

படி 7: எட்டாத இடத்தைக் கேட்டுப் பாருங்கள்

பூமியின் ஆரம் 6,371 கி.மீ. மனிதர் தோண்டியவற்றில் மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது, 12,262 மீட்டர். மையத்துக்கான தூரத்தில் 0.2 சதவீதம்தான் அது. இருந்தும் மேலோட்டுக்குக் கீழே கவசம், அதற்கும் உள்ளே திரவ வெளிக்கருவம், நடுமையத்தில் திட உட்கருவம் என்று அடுக்கடுக்காகச் சொல்கிறோமே, எப்படி?

முதல் துப்பு எடையிலிருந்து வந்தது. ஆங்கில அறிவியலாளர் ஹென்றி கேவண்டிஷ் 1798-இல் ஈயக் குண்டுகளின் ஈர்ப்பை அளந்து, பூமியின் சராசரி அடர்த்தி நீரைப் போல 5.48 மடங்கு என்று கண்டார். இன்றைய மதிப்பு 5.51. மேற்பரப்புப் பாறைகளோ பெரும்பாலும் 2.7 அளவில் இருக்கின்றன. அப்படியானால் உள்ளே இதைவிட மிகக் கனமான ஏதோ இருந்தே ஆக வேண்டும்.

அடுத்த துப்பு நில அதிர்விலிருந்து. அதிர்வில் கிளம்பும் அலைகளில் முதன்மை அலை வேகமானது, மேலோட்டில் வினாடிக்கு சுமார் 6 கி.மீ. இரண்டாம் நிலை அலை சுமார் 3.5 கி.மீ. இடியும் மின்னலும் போலத்தான், இரண்டும் வந்து சேரும் இடைவெளியை வைத்துத் தூரம் சொல்லலாம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின்னது 0.12 வினாடி பின்தங்கும். நில அதிர்வுமானிப் பதிவில் 30 வினாடி இடைவெளி தெரிந்தால், 30-ஐ 0.12-ஆல் வகுங்கள்: 250 கி.மீ. எந்தத் திசை என்று ஒரு நிலையத்தின் இந்தக் கணக்கு சொல்லாது. மூன்று நிலையங்களின் தூரத்தை வைத்து வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டால், அவை சந்திக்கும் இடத்தருகே மையம் இருக்கும். அலைகள் ஆழமாகப் போகாத சில நூறு கிலோமீட்டர் வரைதான் இந்தக் கணக்கு செல்லும்.

தொலைவில் போகும் அலைகள்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்கின்றன. இரண்டாம் நிலை அலை திரவத்துக்குள் போகாது. பூமியின் மறுபக்கத்தில் அது வந்து சேராததால், நடுவில் திரவம் இருக்கிறதென்று தெரிந்தது. அந்தத் திரவம் முதன்மை அலைகளை வளைத்துவிடுவதால் அவை வரக்கூடாத "நிழல்" பகுதியில் மெல்லிய பதிவுகள் சில வந்துகொண்டிருந்தன. கருவி பிழை என்று தள்ளிவிடக்கூடிய அளவு சின்னவை. டென்மார்க்கின் நில அதிர்வியலாளர் இங்கெ லேமன் அவற்றைத் தள்ளிவிடவில்லை. நடுவில் இன்னொரு கருவம் இருந்து, அதில் பட்டு அலைகள் திரும்பினால் இந்தப் பதிவுகள் வரும் என்று 1936-இல் காட்டினார்.

படி 8: காலத்தை அளக்கும்போது அனுமானங்களைப் பட்டியல் போடுங்கள்

அடுக்குகள் எது முந்தியது என்று சொல்லும். எத்தனை ஆண்டு என்று சொல்லாது. இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1862-இல், உருகிய நிலையிலிருந்து பூமி குளிர எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டு 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகள் என்றார். பின்னாளில் அதை 2 முதல் 4 கோடி என்று குறுக்கினார். கணக்கில் பிழையில்லை. உள்ளே வெப்பம் கடத்தல் மூலமாக மட்டுமே நகர்கிறது, புதிதாக வெப்பம் உண்டாவதில்லை என்ற இரண்டு அனுமானங்கள்தான் காலை வாரின. அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெரி 1895-லேயே முதல் அனுமானத்தைக் கேள்வி கேட்டார். உள்ளே பொருள் மெல்ல ஓடிக்கொண்டிருந்தால் வயது பல மடங்கு கூடிவிடும் என்று காட்டினார். அடுத்த ஆண்டே பெக்கெரல் கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்க, இரண்டாவதும் ஆட்டம் கண்டது.

அந்தக் கதிரியக்கமே கடிகாரமும் ஆனது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு பிடிக்கும், கடைசியில் ஈயமாகிறது. ஒரு படிகத்தில் எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்லலாம். அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் இருந்த ஈயத்தை அளக்க முனைந்தபோது எண்கள் தாறுமாறாக வந்தன. காற்றிலும் தூசியிலும் மேசையிலும் எங்கும் ஈயம் இருந்தது, அது மாதிரியில் கலந்துகொண்டிருந்தது. அமிலத்தில் கழுவி, காற்றை வடிகட்டி, தூசி புகாத ஆய்வகம் ஒன்றை அமைக்கவே ஆண்டுகள் போயின. 1956-இல் அவர் வெளியிட்ட விடை 455 கோடி ஆண்டு, 7 கோடி கூடலாம் அல்லது குறையலாம். இன்றும் நாம் சொல்வது 454 கோடிதான். தொந்தரவாக வந்த அந்த ஈயம் பெட்ரோல் புகையிலிருந்தும் வருகிறதென்று கண்டுகொண்ட பேட்டர்சன், பிறகு பல ஆண்டுகள் அதற்கு எதிராகப் போராடினார்.

"7 கோடி கூடலாம் குறையலாம்" என்பதைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அந்தப் பகுதிதான் நம்பிக்கை தருகிறது. எந்த அளவை எழுதினாலும் எவ்வளவு பிசகலாம் என்பதையும் பக்கத்தில் எழுதப் பழகுங்கள்.

படி 9: ஒரு கருத்து எப்போது கோட்பாடாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேச்சுவழக்கில் "அது வெறும் தியரி" என்றால் நிரூபிக்காத ஊகம் என்று அர்த்தம். அறிவியலில் கோட்பாடு என்பது பல திசையிலிருந்து வந்த சோதனைகளைத் தாங்கி நிற்கும் விளக்கம். கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மன் அறிவியலாளர் ஆல்பிரட் வெகனர் 1912-இல் சொன்னபோது அது கருதுகோள். பெருங்கடலைக் கடந்திருக்க முடியாத மீசோசாரஸ் என்ற சிறு ஊர்வனத்தின் புதைபடிவங்கள் தென் அமெரிக்காவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் கிடைப்பது போன்ற வலுவான தடயங்கள் அவரிடம் இருந்தன. எது நகர்த்துகிறது என்பதற்கு அவர் சொன்ன விசைகளோ மிகவும் பலவீனமானவை. அதைச் சுட்டிக்காட்டியவர்கள் சொன்னதும் சரியே. 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் வெகனர் இறந்தார். கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது.

1950-களில் அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப் ஆழ அளவுகளை வைத்து அட்லாண்டிக் கடலடியை வரைந்தபோது, நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு தெரிந்தது. தரை அங்கே பிளந்து புதிதாக உண்டாகிறது என்றால், பூமியின் காந்தப்புலம் தலைகீழாகும் ஒவ்வொரு முறையும் புதுப்பாறையில் அது பதிய வேண்டும். தொடரின் இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் போல ஒரே வரிகள் இருக்க வேண்டும். 1963-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வைனும் மேத்யூஸும் சொன்னது இது. வரிகள் அப்படியே இருந்தன. 1968-இல் புறப்பட்ட குளோமர் சாலஞ்சர் கப்பல் கடலடியைத் துளைத்தபோது, தொடரிலிருந்து விலகிப் போகப் போக வயது கூடிக்கொண்டே போனது. இன்று செயற்கைக்கோள் மூலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்வை நேரடியாகவே அளக்கிறோம். ஆண்டுக்கு 3 செ.மீ. என்றால் 10 கோடி ஆண்டில் 3,000 கி.மீ. ஒன்றையொன்று சாராத பல வழிகள் ஒரே விடையைத் தருவதால்தான் இதைப் புவித்தட்டுக் கோட்பாடு என்கிறோம்.

படி 10: பூமியை நீங்களே அளந்து பாருங்கள்

கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதைத் திரும்பச் செய்வதற்கு இரண்டு குச்சி, ஒரு நண்பர் போதும். நண்பர் உங்களுக்கு நேர் வடக்கிலோ தெற்கிலோ சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நல்லது. ஒரே நாளில் இருவரும் சரியாக 1 மீட்டர் நீளக் குச்சியைச் சமதளத்தில் நடுங்கள். உச்சிவேளையை ஒட்டி 5 நிமிடத்துக்கு ஒரு முறை நிழலை அளந்து, மிகக் குட்டையானதை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் 12 காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், சூரியனின் உச்சி அதற்கு முன்போ பின்போ வரலாம். நிழலின் நீளத்தைக் குச்சியின் நீளத்தால் வகுத்தால் வருவது சூரியன் சாய்ந்த கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு; கால்குலேட்டரின் tan⁻¹ பொத்தானில் கோணம் கிடைத்துவிடும்.

இரண்டு நிழலும் ஒரே திசையில் விழுந்தால் கோணங்களைக் கழியுங்கள். எதிரெதிர் திசையில் விழுந்தால் கூட்டுங்கள். விடை 5 பாகை என்றும், உங்களுக்கிடையே வடக்கு தெற்காக உள்ள தூரம் 555 கி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். 360-இல் 5 பாகை 72-இல் ஒரு பங்கு. 555-ஐ 72-ஆல் பெருக்கினால் 39,960 கி.மீ. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,008.

அளப்பதற்கு முன்பே நோட்டில் எழுதுங்கள்: என் விடை எவ்வளவு பிசகலாம்? குச்சி 1 பாகை சாய்ந்திருந்தாலே கோணத்திலும் 1 பாகை வரை கெட்டுவிடும். 5 பாகையில் அது 20 சதவீதப் பிழை. ஆகவே குச்சியை நட்டதும், ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்து நிமிர்த்துங்கள். அதன் பிறகு அளக்கத் தொடங்கலாம்.